ராட்டினத்தில் வாந்தி எடுப்பவன் விமானத்திலிருந்து குதிக்கலாமா?

12 நவம்பர் 2024, வாசகர் கேள்வி

பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். நண்பர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் துபாயில் டேண்டம் ஸ்கை டைவிங் போக முடிவு செய்து எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டார்கள். கீழே விழும்போது வயிறு என்ன ஆகும்? இன்னொரு சந்தேகமும் உண்டு. இன்னொருவர் மார்பில் மூட்டை போலக் கட்டிக்கொண்டு விழுவதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? குதித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

12 நவம்பர் 2024, இரவு 10.40

போன ஞாயிற்றுக்கிழமைதான் குதித்தேன். ஈச்ச மர வடிவில் கடலில் கட்டிய செயற்கைத் தீவான பாம் ஜுமைராவுக்கு மேலே, 13,000 அடி. அறுபது விநாடி வீழ்ச்சி, பிறகு ஐந்து நிமிடம் பாராசூட்டில். வயிறு புரளவில்லை. துளியும் இல்லை.

ராட்டினம் வேறு, இது வேறு. ராட்டினம் உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு உங்களுக்குக் கீழிருக்கும் இருக்கையை உருவிக்கொள்கிறது. விமானமோ கதவு திறக்கும்போதே மணிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே வந்த மறுகணம் அந்தக் காற்று உங்களைத் தாங்கிப் பிடித்துவிடும். விழுகிறோம் என்ற உணர்வே வருவதில்லை. கூச்சல் போடும் மெத்தை ஒன்றின் மேல் குப்புறப் படுத்திருப்பது போல இருக்கும்.

கனவில் மாடியிலிருந்து விழுந்து திடுக்கிட்டு எழுகிறோமே, அது இதைவிடப் பத்து மடங்கு மோசம்.

13 நவம்பர் 2024

நேற்று எழுதியதைப் பார்த்து நான் ஏதோ சூரன் என்று இரண்டு பேர் நினைத்துவிட்டார்கள். என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஷார்ஜாவில் பதினோரு வருடமாக. சாரத்தில் ஏறும் ஆட்களின் ஹார்னஸை, அதாவது உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வாரை, தினமும் காலையில் இழுத்துப் பார்ப்பதும், கொக்கி மாட்டாதவனைக் கீழே இறக்கி அன்றைய வேலையிலிருந்து நிறுத்துவதும் என் சம்பளம். எங்கள் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு கொக்கியைக் கழற்றும் முன் இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும். ஒருவன் ஆறடி விழுந்தாலே விசாரணை, அறிக்கை, கையெழுத்து. அப்படிப்பட்டவன் சொந்தக் காசில் ஏறக்குறைய 2,500 திர்ஹாம் கொடுத்து 13,000 அடி விழப் போனேன். தளத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஹார்னஸ் மாட்டிய பையன் தொடை வாரை இறுக்கியதும் என் கை தானாகப் போய் அதன் தையலைத் தடவியது. நூல் பிரிந்திருக்கிறதா, ஓரம் தேய்ந்திருக்கிறதா, பக்கிளில் வாரின் நுனி எத்தனை விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். அவன் சிரித்துவிட்டு, “சார், நான்கு இடத்தில் மாட்டுவோம். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு” என்றான். நான்கு என்று கேட்டதும்தான் மூச்சு வந்தது. எங்கள் ஆட்களுக்கு இரண்டுதான்.

விமானம் டுவின் ஆட்டர். உள்ளே இருபுறமும் பெஞ்சு, பெஞ்சில் கால்களை விரித்துக்கொண்டு ஒருவர் முன் ஒருவராக உட்கார வேண்டும். ஏறும்போது கீழே 28 டிகிரி, மேலே போகப் போக விரல் நுனி குளிர்ந்தது. கணக்குப் போட்டேன்: ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும், நாங்கள் போவது நான்காயிரம் மீட்டர், ஆகவே வெளியே இரண்டு டிகிரி இருக்கலாம். பயத்தில் நான் கணக்குத்தான் போடுவேன். புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். அதை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஐந்தாவது கட்டடத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே கதவு திறக்கும். ஊர்க் கணக்கில் சொன்னால் தொட்டபெட்டா மேல் இன்னொரு அரைத் தொட்டபெட்டா.

கதவை மளிகைக் கடை ஷட்டர் போல மேலே தூக்கினார்கள். அதற்கு மேல் கணக்கு ஓடவில்லை.

15 நவம்பர் 2024

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு திருத்தம். “துளியும் இல்லை” என்று எழுதியது வீழ்ச்சியைப் பற்றி. பாராசூட் விரிந்த பிறகு நடந்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். வெட்கம்தான் காரணம்.

விரிந்ததும் இரைச்சல் சட்டென்று நின்றது. காதுக்குள் அடைப்பு. என்னைக் கட்டிக்கொண்டு குதித்த பயிற்றுநர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதச் சொன்னார், சரியாயிற்று. கீழே கடல், அதில் அந்த ஈச்ச மரம், மட்டை மட்டையாக வீடுகள். அழகு என்று நினைக்க ஆரம்பித்த நேரத்தில் என் இடுப்புப் பக்கம் அவர் கை வந்து எதையோ தளர்த்தியது. வலப்பக்கம் ஒன்று, பிறகு இடப்பக்கம். நான் இரண்டு அங்குலம் கீழே இறங்கினேன்.

ஐயாயிரம் அடி உயரத்தில் ஒருவன் என் ஹார்னஸைத் தளர்த்துகிறான்! நானாக இருந்தால் அவனை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பேன்.

என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, தமிழில்தான் கத்தியிருக்கிறேன். அவர் பொறுமையாக விளக்கினார். வீழ்ச்சியின்போது இருவரும் ஒரே உடலாக இருக்க வேண்டும், ஆகவே கீழ்வார்கள் இறுக்கமாக இருக்கும். பாராசூட்டில் தொங்கும்போது அதே இறுக்கம் தொடையை அறுக்கும், மூச்சு முட்டும். தோள் கொக்கிகள்தான் என் எடையைத் தாங்குகின்றன. இடுப்பில் தளர்த்துவது எனக்குச் சௌகரியமாக உட்காரவும் இறங்கும்போது காலைத் தூக்கவும்.

சொன்னதும் எனக்கு விளங்கியது, ஏனென்றால் இது எங்கள் பாடம். விழுந்தவனைக் கயிறு பிடித்துவிட்டாலும் ஹார்னஸில் அசையாமல் தொங்கவிடக் கூடாது. தொடை வார் ரத்த ஓட்டத்தை அடைத்துச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதனால்தான் மீட்புத் திட்டம் இல்லாமல் உயரத்தில் வேலைக்கு அனுமதி கிடையாது. ஆட்களுக்குப் படம் போட்டுக் காட்டி நடத்தும் பாடம். எனக்கே நடக்கும்போது மறந்துவிட்டது.

இனி வயிறு. அவர் ஒரு பக்கக் கயிற்றை இழுத்துச் சுழற்றிக் காட்டினார். கடல் ஒரு பக்கம் சுவர் போல எழுந்து நின்றது. மூன்றாவது சுற்றில் வாயில் உமிழ்நீர் ஊறியது, நெற்றி வியர்த்தது. போதும் என்று கையைக் காட்டினேன், உடனே நிறுத்திவிட்டார்.

ஆகவே, தம்பி, உன் பயம் சரி, இடம்தான் தவறு. உன் எதிரி மேலே இல்லை, பாராசூட்டுக்கு அடியில் இருக்கிறான். ஏறும் முன்பே “சுழற்ற வேண்டாம், நேராகக் கொண்டுபோங்கள்” என்று சொல்லிவிடு. வண்டியில் வயிறு புரளுவோரை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

16 நவம்பர் 2024

வெறும் வயிற்றோடு போகலாமா என்று கேட்டிருந்தார்கள். நான் வெறும் டீயோடு போனேன், அது தவறு. காற்று பலமாக இருந்ததால் நான்கு மணி நேரம் காத்திருந்து, வெறும் வயிற்றில் அமிலம் சுரந்து, பாதிக் குமட்டல் அங்கேயே தொடங்கிவிட்டது. இரண்டு இட்லி போதும். என்னோடு காத்திருந்த ஒருவர் பரோட்டாவும் சால்னாவும் முடித்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை, ஆனால் அவருடைய பயிற்றுநரை நினைத்து வருந்தினேன்.

21 நவம்பர் 2024

வீடியோ வந்துவிட்டது. நான் இதுவரை சொன்னதில் இரண்டு பொய்.

முதல் பொய், அறுபது விநாடி. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். கதவை விட்டதிலிருந்து பாராசூட் விரியும் வரை வீடியோவில் எண்ணினேன்: 48. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. முதல் பத்து விநாடியில் ஏறக்குறைய ஆயிரம் அடி, பிறகு ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஐந்தரை விநாடி. 13,000-இல் தொடங்கி 5,500-இல் விரித்தால் ஐம்பதைத் தாண்டாது. விளம்பரத்து நிமிடமும் நம் ஊர் பஸ் நிலையத்தில் “இதோ ஒரு நிமிடம், வண்டி எடுத்துவிடுவோம்” என்பார்களே, அந்த நிமிடமும் ஒரே வம்சம் போல, ஆனால் இது சுருங்கும், அது நீளும்.

இரண்டாவது பொய் பெரியது. வெளியே வந்ததும் பாம் ஜுமைரா முழுவதையும் பார்த்தேன் என்று அலுவலகத்தில் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தேன். வீடியோவில் முதல் ஒன்பது விநாடி என் கண்கள் இறுக மூடியிருக்கின்றன. வாய் மட்டும் திறந்திருக்கிறது. கன்னம் இரண்டும் காயப்போட்ட வேட்டி போல அடித்துக்கொள்கின்றன. ஒன்பதாவது விநாடியில் அவர் என் நெற்றியைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறார், அப்போதுதான் கண் திறக்கிறது.

அப்படியானால் நான் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்த அந்தக் காட்சி எது? விமான ஜன்னலில் பார்த்ததா, அவர்கள் சுவரில் மாட்டியிருந்த சுவரொட்டியா? முதல் குதிப்பில் பாதிப் பேருக்கு நினைவு ஓட்டை விழும் என்று பயிற்றுநர் சொன்னது நினைவிருக்கிறது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொன்றும் வீடியோவில்தான் தெரிந்தது. வெளியே வந்த சில விநாடிகளில் அவர் பின்னால் ஒரு சின்னக் குடை விரிகிறது. டிரோக் என்கிறார்கள். இரண்டு பேர் எடை ஒன்றாக விழுந்தால் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும். அந்தக் குடை பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து, தனி ஆள் விழும் 200-க்குக் கொண்டுவந்துவிடுகிறது. பிறகு பெரிய பாராசூட்டை உருவி எடுப்பதும் அதுவேதான். இத்தனையும் என் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது, நான் கண்ணை மூடிக்கொண்டு வாழைப்பழம் போல வளைந்திருக்கிறேன். (வாழைப்பழம் அவர்களுடைய சொல். இடுப்பை முன்னால் தள்ளி, தலையை அவர் தோளில் சாய்த்து, கால்களை விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மடக்க வேண்டும். அந்த நிலையில் அவர் இன்னும் கதவோரத்தில் உட்கார்ந்திருப்பார், நீங்கள் ஏற்கனவே வெளியே தொங்கிக்கொண்டிருப்பீர்கள். “குதிப்பதா வேண்டாமா” என்ற கேள்வியே உங்களிடம் வருவதில்லை.)

22 நவம்பர் 2024

கண்ணாடி போட்டிருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், அதன் மேலேயே மாட்டும் பெரிய கண்காப்பு உண்டு. பல்செட் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கழற்றிப் பையில் வையுங்கள் ஐயா, என் கன்னம் போன போக்கைப் பார்த்தவன் சொல்கிறேன்.

2 டிசம்பர் 2024

இங்கே தேசிய தின விடுமுறை. உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

தங்கை மகன் வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். சாத்தூரிலிருந்து அம்மா அழைத்தார். திட்டுவார் என்று ஃபோனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவர் கேட்டது இதுதான்: “உன்னைக் கட்டிக்கொண்டு குதித்தாரே ஒரு தம்பி, அவர் தினமுமா குதிக்கிறார்?” ஆமாம், ஒரு நாளைக்குப் பல தடவை என்றேன். “பாவம், அவர் வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?” என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: சேலை கட்டிக்கொண்டு குதிக்க முடியுமா? கேலி என்று நினைத்தேன். ஆனால் குதித்தவர் உண்டு. புனேக்காரர் ஷீத்தல் மகாஜன், 2018 பிப்ரவரியில், தாய்லாந்தின் பட்டாயாவில், மராத்தியர்களின் ஒன்பது கெஜச் சேலையில் 13,000 அடியிலிருந்து குதித்தார். அவர் தனியாகக் குதிக்கும் தேர்ந்த கை, சேலையை எங்கெங்கே குத்தி ஒட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நீ சுடிதார் போட்டுக்கொள், துப்பட்டாவைக் கீழே வைத்துவிடு என்றேன். பிறகுதான் உறைத்தது, அவள் போவதாக நானே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

9 டிசம்பர் 2024

“மூட்டை” என்று தம்பி எழுதியது நான்கு வாரமாக உறுத்துகிறது. முதலில் கோபம் வந்தது. யோசித்தால் சரிதான். நான் மூட்டைதான். ஆனால் அந்த மூட்டையைச் சுமப்பவர் யார், எதில் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் வேறாகிறது.

அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி இணைக் குதிப்பு (டேண்டம்) பயிற்றுநராக மூன்று வருட அனுபவமும் குறைந்தது 500 குதிப்புகளும் வேண்டும். அவர் முதுகில் இரண்டு பாராசூட். முதலாவது சிக்கிக்கொண்டால் ஒரே இழுப்பில் அதை வெட்டிவிட்டு இரண்டாவதை விரிப்பார். அந்த வெட்டும் இடத்தில் மூன்று வளையங்கள், பெரியது, அதைவிடச் சிறியது, அதைவிடச் சிறியது, ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, கடைசியில் ஒரு சின்னக் கயிற்று வளையத்தில் முடிகின்றன. இரண்டு ஆள் எடையும் படிப்படியாகக் குறைந்து அந்தக் கயிற்றை வந்து சேரும்போது ஒரு கையால் உருவிவிடலாம். 1970களில் பில் பூத் வடிவமைத்தது. 1980களின் தொடக்கத்தில் இணைக் குதிப்பையே உருவாக்கிய இருவரில் அவர் ஒருவர், மற்றவர் டெட் ஸ்ட்ராங். பாராசூட்டின் எல்லா வண்ணங்களையும் மறந்துவிடுவேன், அந்த மூன்று வளையத்தை மறக்க மாட்டேன். இதற்கும் மேல், அவரே மயங்கிவிட்டால், தாழ்ந்த உயரத்துக்கு வந்தும் வேகம் குறையாமல் விழுகிறோம் என்று உணர்ந்து இரண்டாவது பாராசூட்டைத் தானே திறக்கும் கருவி ஒன்று இருக்கிறது.

விரியும்போது முதுகெலும்பு உடையாதா என்று கேட்டவருக்கு: பாராசூட்டின் கயிறுகளில் ஒரு செவ்வகத் துணி கோத்திருக்கும். அது மெல்லக் கீழே வழுக்கி வருவதால் பாராசூட் ஒரேயடியாக விரிய முடியாது. எங்கள் ஆட்களின் கயிற்றில் அதிர்ச்சியை வாங்கும் பொட்டலம் ஒன்று இருக்கிறது, விழுந்தால் தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து வேகத்தைத் தின்னும். வேலை ஒன்று, வேடம் வேறு.

எண் கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2023-இல் எல்லா வகையும் சேர்த்து ஏறக்குறைய 36.5 லட்சம் குதிப்புகள், பத்து மரணங்கள். பூஜ்யம் இல்லை. பூஜ்யம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உறுதிமொழிப் படிவத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவது அதனால்தான். நான் அதைப் படிக்காமல் போட்டேன். ஊரில் எடுத்திருக்கும் ஆயுள் காப்பீட்டில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு இருப்பதைக் குதித்துவிட்டு வந்த மறுநாள்தான் படித்தேன். தளத்தில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால்... சரி, விடுங்கள்.

5 ஜனவரி 2025

கேள்வி கேட்ட தம்பி குதித்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். இட்லி சாப்பிட்டார், சுழற்ற வேண்டாம் என்று சொன்னார், பாராசூட்டில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விமானம் ஏறும்போதே, பத்தாயிரம் அடியில், பையில் எடுத்துவிட்டாராம். அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை. உள்ளே பெட்ரோல் வாசனை, நெருக்கம், திருப்பத்துக்குத் திருப்பம் சாய்கிற விமானம், முதுகுக்குப் பின்னால் ஒருவர் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். வாந்தி வரத்தான் செய்யும். வெளியே விழுந்ததும் குளிர்காற்றில் எல்லாம் பறந்துவிட்டதாம். “கீழே வந்ததும் பசித்தது” என்கிறார். பெட்ரோல் என்று எழுதிவிட்டேன், டுவின் ஆட்டர் குடிப்பது மண்ணெண்ணெய் வகை. யாராவது திருத்தும் முன் நானே திருத்திக்கொள்கிறேன்.

அவர் இன்னொன்றும் சொல்கிறார்: வெளியே வந்த முதல் நொடி வயிறு “குபுக்” என்றதாம். நான் மறுக்கிறேன். முதல் குறிப்பில் காரணத்தோடு எழுதியிருக்கிறேன், முன்னோக்கிய காற்று தாங்குகிறது என்று. வாந்தி எடுத்த வயிறு, அதற்கு எல்லாம் குபுக் என்றுதான் இருக்கும்.

19 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து மனைவி வந்திருக்கிறாள். இன்று காலை குதித்தாள்.

கீழே நிற்பது பற்றி யாரும் எழுதவில்லை. நானும் எழுதியிருக்க மாட்டேன். விமானச் சத்தம் கேட்கிறது, ஆனால் அது தெரியவில்லை. பக்கத்தில் ஒருவர் அண்ணாந்து பார்த்து “வந்துவிட்டார்கள்” என்றார், எனக்கு ஒன்றும் தென்படவில்லை. 48 வரை எண்ண வேண்டும் என்று தொடங்கினேன். இருபதுக்குப் பிறகு எண் மறந்துவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். பிறகு வானத்தில் ஒரு புள்ளி, அது ஒரு நிறம், அது ஐந்தாறு நிறம். எந்தப் பாராசூட்டில் அவள் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் கை ஆட்டினேன். மற்றவர்களின் குடும்பத்தாரும் அதையேதான் செய்தார்கள்.

காலைத் தூக்கி, உட்கார்ந்தபடி, புல்லில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றாள். நான் ஓடிப் போய் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, தோள் கொக்கியை. அதைச் சொல்லி இப்போது வரை சிரிக்கிறாள்.

சாப்பிடும்போது கேட்டேன். கண்ணை மூடினாயா? இல்லையாம். வீடியோவுக்குப் பணம் கட்டவில்லை, ஆகவே சரிபார்க்க வழி இல்லை, நம்பத்தான் வேண்டும். மரத்தின் மட்டைகளை எண்ணினாளாம். ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் நடுவில் தண்ணீர் வேறு வேறு பச்சையாக இருந்ததாம், ஒரு இடத்தில் மட்டும் கலங்கலாக இருந்ததாம். கலங்கல் எங்கே என்று கையைக் காட்டி இடம் சொன்னாள். சுவரொட்டியில் கலங்கல் கிடையாது.

வயிறு? “சாத்தூர் மினி பஸ் பாலத்தில் ஏறி இறங்குமே, அப்போது ஒரு நொடி இருக்கும் அல்லவா, அவ்வளவு” என்றாள்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முதல் குறிப்பில் “துளியும் இல்லை” என்று இருப்பதை “ஒரு மினி பஸ் பாலம் அளவு” என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.